திருத்திய பதிப்பு

கொட்டாஞ்சேனையில்
லியோ காசிச்செட்டியின் அச்சகத்தில்
நாற்பத்தெட்டு வருஷமாய்ப் புரூஃப் பார்க்கிறேன்.
உலக முடிவு என் மேசைக்குப்
பதினொரு தடவை வந்திருக்கிறது.
இரண்டு தடவை கடன் சொல்லிவிட்டுப் போனது.

முதல் தடவை எழுபத்தாறில்.
பாஸ்டர் அருமைநாயகத்தின் துண்டுப்பிரசுரம், ஐயாயிரம் பிரதி.
மருதானைப் பாலத்தில் டிரைவர் இல்லாமல் ஓடும் பஸ்,
ஆஸ்பத்திரியில் டாக்டரின் கோட்டு மட்டும்,
குசினியில் பொங்கி வழியும் பால்.
தலைப்பை 'இரகசிய வறுகை' என்று
கோத்திருந்தான் கம்பொசிட்டர்.
சிரித்துக்கொண்டே திருத்தினேன்.
அன்றிரவு வீட்டில் ஆளில்லை,
அண்ணனின் சட்டை கதிரையில் கிடந்தது.
பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு
ஒழுங்கை முழுக்க ஓடினேன்.
வேறு சட்டை போட்டுக்கொண்டு
இரண்டாம் ஷோவுக்குப் போயிருந்தான்.

எனக்குச் சொல்லித்தந்த முடிவு வேறு.
மரணம், தீர்வை, மோட்சம், நரகம்:
ஞாயிறு வகுப்பில் சிஸ்டர் விரல் மடக்கிச் சொன்னது.
ஆளுக்கு ஒரு முடிவு, அவரவர் கட்டிலில்.
உலகம் அதுபாட்டுக்குக் கிடக்கும்.

லியோ முதலாளி பிளேன்டீயோடு சொல்வார்:
"முதல் ஆட்கள் நாளைக்கே என்று நம்பி
கலியாணத்தைக்கூட ஒத்திவைத்தவர்கள்.
நாளைக்கு வரவில்லை.
கர்த்தருக்கு ஒரு நாள் நமக்கு ஆயிரம் வருஷம் என்று
கணக்கை மாற்றினார்கள்.
பிறகு கல்லெடுத்துக் கட்டத் தொடங்கினார்கள்.
அந்த ஒல்லாந்தன் கோயில் சுவரைப் பார்,
நாளைக்கு முடியும் என்கிறவன்
இவ்வளவு சுண்ணாம்பு குழைப்பானா?"
உள்ளே தரைக்கல்லுக்குக் கீழே படுத்திருப்பவர்கள்
இன்னும் எழும்பக் காத்திருக்கிறார்கள்.
அதை முதலாளி சொல்லமாட்டார்.

எண்பத்து மூன்று ஜூலையில்
மேசையில் கிடந்தது மிருகத்தின் இலக்கம்.
யார் நெற்றியில், எந்த வங்கியில், எந்த ராஜாவின் பெயரில்.
ஒன்பதாம் பக்கம் வரை பார்த்திருந்தேன்.
இலக்கம் வந்தது.
வாக்காளர் பட்டியலில் எங்கள் வீட்டு இலக்கம்.
ஒருவன் விரல் வைத்து வாசித்தான்.
எக்காளம் ஊதவில்லை.
மூடிய கடைகளின் தகரக் கதவுகளில்
பொல்லுகள் ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டு வந்தன.
வானத்தைப் பார்க்கச் சொன்ன தாள்கள்
கட்டுக்கட்டாய், ஓரத்திலிருந்து எரிந்தன.

மதிலால் கை நீட்டி எங்களைத் தூக்கியவர்
மிஸிஸ் விக்ரமநாயக்க.
மூன்று நாள் அவருடைய அரிசி மூட்டைகளுக்குப் பின்னால்
இருமலை விழுங்கிக்கொண்டிருந்தோம்.
'எடுத்துக்கொள்ளப்படுதல்' என்ற சொல்
அதன் பிறகும் எத்தனையோ பிரசுரத்தில் வந்தது.
அந்த இடத்தில் என் பென்சில் கொஞ்சம் நிற்கும்.

புது மெஷின் வந்தது, முடிவும் வந்தது.
தொண்ணூற்றொன்பதில் கம்ப்யூட்டரால்,
கடல் ஏறிய டிசம்பருக்குப் பிறகு அலையால்,
கொரோனாவில் ஊசியால்.
வசனம் அதேதான், வருஷம் மட்டும் வேறு.
"வருஷத்தைப் பென்சிலால் எழுதித் தாங்கோ பாஸ்டர்"
என்பார் முதலாளி.
அந்த ஈஸ்டருக்கு அடுத்த கிழமை மட்டும்
யாரும் முடிவை அச்சடிக்க வரவில்லை.
மரண அறிவித்தல்கள் அடித்தோம்,
இரவும் பகலும், கறுப்புக் கரை போட்டு.

போன செவ்வாய்க்கிழமை ஷரோன் வந்தாள்,
அருமைநாயகத்தின் மகள்.
இப்போது அவளும் பிரசங்கம் பண்ணுகிறாள்.
பூமி எரிந்து போகாதாம்,
கழுவிப் புதுசாக்கித் தரப்படுமாம்,
ஆகவே வெள்ளவத்தை வாய்க்காலில்
பொலித்தீன் பொறுக்க வரட்டாம்.
"அப்பாவுக்குக் காட்டினியா?"
"வாசிச்சார்."
"என்ன சொன்னார்?"
"கையுறை குடுப்பீங்களா எண்டு கேட்டார்."

பிழை அதிகமில்லை.
'சனிக்கிழமை காலை ஏழு மணி' என்றிருந்தது.
எந்தச் சனிக்கிழமை?
ஓரத்தில் சிவப்பால் குறித்தேன்:
திகதி போடவும்.